ஸ்டெப்னி முதல் ரன்-ஃப்ளாட் வரை: தமிழகச் சாலைகளில் கார் டயர்

ரன்-ஃப்ளாட் டயர் என்பது காற்று முழுவதும் இறங்கிய பின்னரும் குறிப்பிட்ட தூரம் வரை காரைத் தாங்கி ஓடும் டயர். பெரும்பாலும் ஐரோப்பியச் சொகுசுக் கார்களில் பொருத்தப்படுகிறது. சாதாரண ட்யூப்லெஸ் டயரைப் போலவே இதற்கும் உள்ளே ட்யூப் இல்லை. ஆனால் பக்கச்சுவர் தடிமனாக வலுவூட்டப்பட்டிருக்கும். தமிழகத்தில் சொகுசுக் கார் வைத்திருப்பவர்கள் முதல் ஜோடி டயர் தேய்ந்ததும் மீண்டும் ரன்-ஃப்ளாட் வாங்குவதா, ட்யூப்லெஸுக்கு மாறுவதா என்ற கேள்வியை எதிர்கொள்கிறார்கள். வழியில் டயர் கைவிட்டால் யாரை நம்புவது என்பதே அக்கேள்வியின் சாரம். கார் தோன்றிய காலம் முதல் அதற்கு வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டுள்ளன.

காற்று டயரின் தொடக்கம்

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-ல் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது குதிரை வண்டிகளுக்கானது, பரவலாகவில்லை. 1888-ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் சைக்கிளுக்கான காற்று டயரை உருவாக்கினார். காருக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் பிரான்சின் மிஷ்லின் சகோதரர்கள். 1895-ல் பாரிஸ்-போர்தோ-பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெங்கும் பஞ்சர் ஆனது. காற்று டயர் பயணத்தை மென்மையாக்கியது, கூடவே நடுவழியில் நிற்பதையும் கொண்டுவந்தது.

ஸ்டெப்னி

தொடக்ககாலக் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கிடையாது. பஞ்சர் ஆனால் சாலையோரத்தில் அமர்ந்து டயரைக் கழற்றி, ட்யூபை ஒட்டி, மீண்டும் மாட்டிக் காற்றடிக்க வேண்டும். 1904-ல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ், அவர் சகோதரர் வால்டர் இருவரும் ஒரு தீர்வைக் கண்டனர். ஆரக்கால்கள் இல்லாத ஒரு வளையத்தில் காற்றடைத்த டயரை மாட்டி, அதைப் பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வவைத்தனர். அவர்கள் பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. அந்தப் பெயரே நிறுவனத்துக்கும் பொருளுக்கும் ஆயிற்று.

இங்கிலாந்தில் அச்சொல் ஏறத்தாழ மறைந்துவிட்டது. இந்தியாவில் நிலைத்தது. தமிழில் லாரி ஓட்டுநர் முதல் கார் உரிமையாளர் வரை எல்லாருக்கும் மாற்றுச் சக்கரம் ஸ்டெப்னிதான். அவசரத்துக்குக் கைகொடுக்கும் மாற்று ஆளையும் பேச்சுவழக்கில் ஸ்டெப்னி என்பதுண்டு.

தமிழகத்தில் டயர்த் தொழில்

இந்தியாவில் டன்லப் நிறுவனம் 1936-ல் வங்காளத்தின் சாஹாகஞ்சில் டயர் ஆலையைத் தொடங்கியது. 1959-ல் அதன் இன்னோர் ஆலை சென்னை அம்பத்தூரில் அமைந்தது. கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் தேய்ந்த டயருக்கு மேற்பட்டை போடுவதற்கான ட்ரெட் ரப்பர் தயாரிப்பில் இறங்கினார். அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1961-ல் முழு டயர் உற்பத்தி தொடங்கியது. அதுவே எம்.ஆர்.எஃப் எனப்படும் மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி.

பழைய டயரைப் புதுப்பிக்கும் பொருளிலிருந்து ஒரு பெரிய டயர் நிறுவனம் வளர்ந்தது தற்செயல் அல்ல. டயர் விலை உயர்ந்த பொருளாக இருந்தது. தேய்ந்ததைத் தூக்கிப்போடாமல் ரீட்ரெட் செய்வதும், பஞ்சரை ஒட்டி ஒட்டி ஓட்டுவதும் வழக்கமாக இருந்தன. நெடுஞ்சாலை ஓரங்களில் பஞ்சர் கடைகள் பெருகியது இந்தச் சூழலில்தான்.

குமரி மாவட்டமும் ரப்பரும்

தமிழகத்தின் ரப்பர்த் தோட்டங்கள் பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. திருவிதாங்கூர் ஆட்சிக்காலத்தில் தோன்றிய அத்தோட்டங்கள், 1956 நவம்பர் 1-ல் மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தபோது உடன் வந்தன. 1984-ல் அரசு ரப்பர் கழகம் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்டது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் பலர் அரசுத் தோட்டங்களில் வேலை பெற்றனர்.

மாவட்டத்துக்குள்ளேயே நிலம் இரண்டாகப் பிரிந்துகிடக்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை போன்ற மலையடிவார ஊர்கள் ரப்பருக்கு உரியவை. கிழக்கே நாஞ்சில்நாடு வயலும் குளமும் கொண்டது. நாஞ்சில்நாட்டின் மயிலாடி கற்சிற்பத்துக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே செதுக்கப்படும் சிலைகள் லாரிகளில் ஏறி வெளியூர் செல்கின்றன. ஒரு பகுதி டயருக்கான பாலைத் தருகிறது, இன்னொரு பகுதி டயர்மேல் தன் கல்லை அனுப்புகிறது.

அதிகாலையில் பால் வெட்டி, அமிலம் சேர்த்து உறையவைத்து, உருளையில் அழுத்தி ஷீட்டாக உலர்த்துவது இப்பகுதியின் அன்றாடம். இயற்கை ரப்பருக்கு டயரில் தனி இடம் உண்டு. வளைந்து நிமிரும்போது அது குறைவாகவே சூடாகும். டயரைக் கொல்வது பெரும்பாலும் வெப்பமே. பாரமேற்றும் லாரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு கார் டயரைவிடக் கூடுதலாக இருப்பது இதனால்தான். ஆனால் காற்றைப் பிடித்துவைப்பதில் அது அத்தனை திறமையானதல்ல. அதற்கு 1937-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்ட பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர் தேவைப்பட்டது.

ட்யூப்லெஸ் டயர்

அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனம் உருவாக்கிய ட்யூப் இல்லாத டயருக்கு 1952-ல் காப்புரிமை கிடைத்தது. 1955-ல் பேக்கார்டு கார்கள் அதனுடன் வெளிவந்தன. ட்யூபுக்குப் பதிலாக டயரின் உட்புறத்திலேயே காற்றுப்புகா ரப்பர் படலம் ஒட்டப்பட்டது. டயரின் விளிம்பு ரிம்மில் இறுகி அமர்ந்து காற்றை அடைத்தது.

இதன் பெரிய நன்மை பஞ்சரின் தன்மை மாறியது. ட்யூபில் ஆணி ஏறினால் காற்று டயருக்கும் ட்யூபுக்கும் இடையே பாய்ந்து ரிம் வழியாக விரைவில் வெளியேறும். ட்யூப்லெஸில் ரப்பர் ஆணியைக் கவ்விக்கொள்வதால் காற்று மெல்லக் கசியும். ஓட்டுநருக்கு வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒரு ரப்பர் திரியைச் செருகி ஓட்டையை அடைக்கலாம். இந்தியக் கார்களில் இது 2000-க்குப் பின்னரே பரவலாயிற்று. பஞ்சர் கடைகள் இந்த வேலையை விரைவில் கற்றுக்கொண்டன. இன்று சிற்றூர்க் கடையிலும் இது சில நிமிட வேலை. ஆனால் பக்கச்சுவர் கிழிந்தால் ட்யூப்லெஸுக்கும் மருந்து இல்லை.

ரன்-ஃப்ளாட்டின் வளர்ச்சி

காற்றில்லாமலும் ஓடும் டயர் முதலில் ராணுவ வண்டிகளின் தேவையாக இருந்தது. பயணக் கார்களுக்கு டன்லப் 1970-களில் டெனோவோ என்னும் அமைப்பைக் கொண்டுவந்தது. மினி 1275 ஜி.டி போன்ற கார்களில் அது வழங்கப்பட்டது, நீடிக்கவில்லை. மிஷ்லின் ரிம்மைச் சுற்றி ஒரு தாங்கு வளையம் வைக்கும் பேக்ஸ் முறையை உருவாக்கியது. அதற்குத் தனி ரிம்மும் தனி இயந்திரமும் தேவைப்பட்டதால் அதுவும் பின்தங்கியது. நிலைத்தது பக்கச்சுவரைத் தடிமனாக்கும் முறை. 1997-ல் வந்த ஐந்தாம் தலைமுறை ஷெவர்லே கார்வெட் ஸ்டெப்னி இல்லாமல் இத்தகைய டயர்களுடன் விற்கப்பட்டது. 2000-களில் பி.எம்.டபிள்யூ தன் பெரும்பாலான கார்களில் இதைப் பொருத்தியது.

ரன்-ஃப்ளாட்டில் காற்று இறங்கியது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே காற்றழுத்தம் காட்டும் கருவி கட்டாயம். காற்று இறங்கியபின் மணிக்கு 80 கி.மீ வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கி.மீ ஓட்டலாம் என்பது பொதுவான வரையறை. சுமை கூடினால் அத்தூரம் குறையும்.

தமிழகத்தில் ரன்-ஃப்ளாட்

2007 மார்ச்சில் செங்கல்பட்டை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஐரோப்பியச் சாலைக்கென வடிவமைத்த டயர் தமிழகச் சாலைக்கு வந்தது. இரண்டு சிக்கல்கள் விரைவில் தெரிந்தன. ஒன்று, குழிகளிலும் கூர்மையான வேகத்தடைகளிலும் இறுகிய பக்கச்சுவர் அதிர்ச்சியைக் காருக்குள் கடத்தியது. உயரம் குறைந்த பக்கச்சுவர் குழியில் மோதி வீங்குவதும் ரிம் வளைவதும் நிகழ்ந்தன. மற்றொன்று, காற்றில்லாமல் ஓடிய டயரின் உட்புறச் சேதத்தை வெளியிலிருந்து அறிய முடியாது. அதைப் பழுதுபார்க்காமல் மாற்றவே பல தயாரிப்பாளர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஒட்டி ஓட்டிப் பழகிய நாட்டில் ஓர் ஆணிக்காக விலை உயர்ந்த டயரைக் கைவிடுவது எளிதில் ஏற்கப்படவில்லை.

2020 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கருவி, பஞ்சர் பழுதுபார்க்கும் பொருட்கள் ஆகியவை உள்ள பயணக் கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்றாயிற்று. அதன் பின்னர் ஸ்டெப்னி இல்லாமல் ஓடுவது சொகுசுக் கார்களுக்கு மட்டும் உரியதாக இல்லை.

80 கி.மீ-யின் பொருள்

நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 80 கி.மீ. திருவனந்தபுரம் அதைவிடக் குறைவு. மயிலாடியில் இருந்து கிளம்பிய கார் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் பஞ்சரானாலும் ஏதோ ஒரு நகரத்தை அடைந்துவிடும். திருநெல்வேலி-மதுரை இடையே சாத்தூர் அருகே பஞ்சரானால் இரு நகரங்களும் ஏறத்தாழ அந்த எல்லையிலேயே நிற்கும். நகரத்தை அடைந்தபின் அந்த அளவிலான ரன்-ஃப்ளாட் டயர் இருப்பில் இருக்க வேண்டும். இல்லையேல் பெருநகரத்தில் இருந்து அது வரும்வரை காத்திருக்க வேண்டும். டயர் தன் பங்கைச் செய்துமுடித்தாலும் பயணம் அங்கே நின்றுவிடும். ட்யூப்லெஸ் டயருக்கு வழியில் உள்ள ஏதேனும் ஒரு பஞ்சர் கடை போதும்.

மறுபக்கமும் உண்டு. நான்குவழிச் சாலையில் நள்ளிரவில், குடும்பத்துடன் செல்லும்போது, லாரிகள் சீறும் ஓரத்தில் இறங்கிச் சக்கரம் மாற்றுவது ஆபத்தானது. பக்கச்சுவர் கிழிந்தால் திரி அடைத்துப் பயனில்லை. அவ்வேளையில் நிற்காமல் வெளிச்சமுள்ள இடம்வரை சென்றுசேர உதவுவது ரன்-ஃப்ளாட். டயர் திடீரெனக் காற்றிழக்கும்போது காரைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் எளிது.

தேர்வு

பெரும்பாலும் நகரத்துக்குள்ளும் பெருநகரங்களுக்கு இடையிலும் ஓடும் கார், இரவுப் பயணம் மிகுதி, தனியாகச் செல்வது வழக்கம் என்றால் ரன்-ஃப்ளாட்டைத் தொடர்வது பொருத்தம். மலையடிவாரச் சாலைகள், கிராமச் சாலைகள், நீண்ட தென்மாவட்டப் பயணங்கள் என்றால் ட்யூப்லெஸ் பொருத்தம்.

மாறுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. சுமை எண்ணும் வேகக் குறியீடும் அசல் டயருக்குக் குறையக் கூடாது. நான்கு சக்கரங்களையும் ஒருசேர மாற்ற வேண்டும். ரன்-ஃப்ளாட் ரிம்மில் ட்யூப்லெஸ் டயரைப் பொருத்தலாம். ஆனால் இத்தகைய கார்கள் பலவற்றின் டிக்கியில் ஸ்டெப்னிக்கான குழி இருக்காது. ஆகவே ஒல்லியான மாற்றுச் சக்கரமோ, காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் திரியுமோ உடன் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் ரன்-ஃப்ளாட்டை மட்டும் கழற்றுவது, 1904-க்கு முந்தைய நிலைக்குத் திரும்புவதாகும்.

மதிப்பீடு

ஸ்டெப்னி ஓட்டுநரின் கையை நம்பியது. ட்யூப்லெஸ் சாலையோரக் கடைக்காரரை நம்புகிறது. ரன்-ஃப்ளாட் 80 கி.மீ-க்குள் அமைந்த ஒரு விற்பனை வலையை நம்புகிறது. அந்த வலை நெருக்கமாக இருக்கும் நாடுகளில் அது வென்றது. தமிழகத்தின் பலம் வேறிடத்தில், பஞ்சர் கடைகளில் உள்ளது. தென்மாவட்டங்களில் ஓடும் சொகுசுக் காருக்கு, உடன் ஒரு மாற்றுச் சக்கரம் இருக்குமானால், ட்யூப்லெஸ் டயரே பெரும்பாலும் நடைமுறைக்கு உகந்தது.