கன்றின் தொப்புளைக் கவனியுங்கள்: திருகுப்புழு ஈயைத் தடுப்பது எப்படி?

மாட்டுப் புண்ணில் புழு வைப்பது தோட்டப்புற மக்களுக்குப் புதிதல்ல. ஆனால், எல்லாப் புழுவும் ஒன்றல்ல. பல ஈக்களின் புழுக்கள் அழுகிய சதையைத் தின்னும். மலேசியா உட்பட தென்கிழக்காசியாவில் காணப்படும் திருகுப்புழு ஈயின் புழுவோ உயிருள்ள சதையையே தின்னும். கவனிக்காமல் விட்டால் கால்நடை இறந்துபோகவும் கூடும்.

பெண் ஈ புண்ணின் ஓரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகிறது. ஏறக்குறைய ஒரே நாளில் அவை பொரித்துவிடும். புழுக்கள் தலையைச் சதைக்குள் புதைத்துத் துளைத்துக்கொண்டே போகும். உடலைச் சுற்றியுள்ள முள் வளையங்கள் திருகாணிபோல் தோன்றுவதால் இப்பெயர் வந்தது. சுமார் ஒரு வாரத்தில் அவை மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, பின்னர் ஈயாகப் பறக்கும். புண்ணின் வாடை மேலும் ஈக்களை இழுத்து வரும்.

எங்கே பார்க்க வேண்டும்?

பிறந்த கன்றின் தொப்புள், ஈன்ற பசுவின் பின்புறம், கொம்பு நீக்கிய இடம், காயடித்த புண், காதுத் துளை, உண்ணி கடித்த இடம் ஆகியவற்றைத் தினமும் பாருங்கள். துர்நாற்றம், இரத்தம் கலந்த நீர், மந்தையை விட்டு ஒதுங்கி நிற்பது, ஓயாமல் புண்ணை நக்குவது ஆகியவை அறிகுறிகள்.

தடுப்பு

கன்று பிறந்தவுடன் தொப்புளில் அயோடின் தடவுங்கள். சிறு காயத்தையும் சுத்தம் செய்து மருந்திடுங்கள். உண்ணிகளை ஒழியுங்கள். புழு உள்ள மாட்டை வேறிடத்திற்கு ஏற்றி அனுப்பாதீர்கள்.

புழு கண்டால்

எடுத்த புழுக்களை மண்ணில் வீசாதீர்கள். அவை ஈயாகித் திரும்பி வரும். புண்ணின் ஆழத்திலிருந்து எடுத்த சில புழுக்களை ஆல்கஹால் ஊற்றிய போத்தலில் போட்டு, மாவட்டக் கால்நடை சேவைத் துறை அலுவலகத்தில் கொடுத்தால் வகையை உறுதிசெய்ய உதவும். மீதமுள்ளவற்றைக் கொதிநீரில் போட்டுக் கொல்லுங்கள். மருந்து கொடுத்தபின் எத்தனை நாட்களுக்குப் பாலைக் கறந்து விற்கக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்டு விலங்குகளையும் இந்த ஈ விடுவதில்லை. புழு வைத்த புண்ணுடன் காட்டு விலங்கைக் கண்டால் நெருங்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள். நாய், பூனை மட்டுமல்ல, ஆறாத புண்ணுடன் படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் இத்தொற்று வரலாம். அப்படியானால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.