குதிரைகள் இழுத்த 'ஃபயர் இன்ஜின்': அன்றைய தீயணைப்பு வண்டி எப்படி ஓடியது? ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை வீதிகளுக்கு அதில் என்ன பாடம்?

தீயணைப்பு வண்டி என்றதும் சிவப்பு லாரியும் சைரன் சத்தமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு வரை, உலகின் பெரிய நகரங்களில் தீயை அணைக்க ஓடியவை குதிரைகள்தான். அந்த வண்டி எப்படி இயங்கியது, ஏன் மறைந்தது? பார்க்கலாம்.

லாரிக்கு ஏன் 'இன்ஜின்' என்று பெயர்?

'ஃபயர் இன்ஜின்' என்பதில் உள்ள இன்ஜின், வண்டியை ஓட்டும் மோட்டார் அல்ல. தண்ணீரை இறைக்கும் பம்பு. முதலில் ஆட்கள் கையால் அடித்தார்கள். 1829-ல் லண்டனில் நீராவி பம்பு உருவானது. பம்பை இயக்கியது நீராவி, வண்டியை இழுத்தது குதிரை.

எப்படி வேலை செய்தது?

மணி அடித்ததும் குதிரைகளைப் பூட்ட வேண்டும், கொதிகலனில் நெருப்பு மூட்ட வேண்டும். அமெரிக்க நிலையங்களில் சேணத்தைக் கூரையிலேயே தொங்கவிட்டிருப்பார்கள். குதிரை கீழே வந்து நின்றதும் இறக்கி மாட்டினால் போதும், வண்டி கிளம்பிவிடும். போகிற வழியிலேயே நீராவி ஏறும்.

ஒரு பெரிய குறை இருந்தது. இந்த வண்டியில் தண்ணீர்த் தொட்டி கிடையாது. குழாயோ குளமோ பக்கத்தில் இருந்தால்தான் பம்புக்கு வேலை.

இந்தியாவில் எப்போது?

மும்பை கோட்டைப் பகுதி 1803 பிப்ரவரியில் பெரும் தீயில் எரிந்தது. ஆனால் தனி தீயணைப்புப் படை முறையாக அமைந்தது 1887-ல்தான். குதிரை வண்டிகளோடு தொடங்கிய அந்தப் படைக்கு, 1907-ல் முதல் மோட்டார் வண்டி வந்தது. அடுத்த ஆண்டே, 1908-ல், சென்னையில் தீயணைப்புப் படை தொடங்கப்பட்டது. குதிரைகளின் காலம் முடியத் தொடங்கிய நேரம் அது. லண்டனில் 1921-லும் நியூயார்க்கில் 1922-லும் தீயணைப்புக் குதிரைகளுக்கு ஓய்வு கொடுக்கப்பட்டது.

குதிரைக்கு உடம்பு சரியில்லை என்றால்?

அதுவும் நடந்தது. 1872-ல் வட அமெரிக்காவில் குதிரைகளுக்குத் தொற்றுக் காய்ச்சல் பரவியது. அந்த நவம்பரில் பாஸ்டன் நகரம் பற்றி எரிந்தபோது, வண்டிகளை ஆட்களே கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். நகரத்தின் மையப்பகுதி சாம்பலானது.

திருச்சிக்கு என்ன பாடம்?

திருச்சி 1866-லும் ஸ்ரீரங்கம் 1871-லும் நகராட்சிகள் ஆயின. 1994-ல் இரண்டும் ஒரே மாநகராட்சிக்குள் வந்தன. இன்றைய தீயணைப்பு லாரி சுமார் 4,500 லிட்டர் தண்ணீரைச் சுமந்தே வருகிறது. குதிரைக்காலத்தின் தண்ணீர்ப் பிரச்சினை பாதி தீர்ந்தது. ஆனால் வழிப் பிரச்சினை தீரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி ஏழு மதில்கள். சித்திரை வீதி, உத்திர வீதி என உள்ளே போகப் போக, பெரும்பாலும் கோபுர வாசலைத் தாண்டித்தான் வண்டி நுழைய வேண்டும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் அது எவ்வளவு சிரமம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தீபாவளி சமயத்து என்.எஸ்.பி ரோடும் பெரிய கடை வீதியும் அப்படித்தான்.

2004 ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடிக் கொட்டகையில் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எரியும் கூரை, குறுகிய படிக்கட்டு. இப்படிப்பட்ட இடத்தில் எந்த வேக வண்டியும் சில நிமிடங்கள் தாமதம்தான். உள்ளே இருப்பவர்கள் வெளியேற வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கவனிக்க வேண்டியவை

* தீ என்றால் உடனே 101 அல்லது 112-க்கு அழையுங்கள். தெருப் பெயரோடு பக்கத்துக் கோயில், கடை என அடையாளமும் சொல்லுங்கள்.
* மண்டபத்துக்குப் போனால் இன்னொரு வாசல் எங்கே என்று பார்த்து வையுங்கள்.
* படிக்கட்டில் நாற்காலி, பாத்திரம் அடுக்க விடாதீர்கள்.
* குறுகிய தெருவில் வண்டியை நிறுத்தும் முன், ஒரு லாரி போக இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

குதிரை போய் மோட்டார் வந்துவிட்டது. தெருவில் வழி விடுவது மட்டும் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.