சேத்துப்பட்டில் தொடங்கிய கண்காணிப்பு

மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாறிலோ, குழந்தைக்கு இரண்டு நாள் சளியும் காய்ச்சலும் இருந்தால் மூன்றாம் நாள் ஆன்டிபயாடிக் சிரப் வீட்டுக்கு வந்துவிடுவது இன்று சாதாரணம். டாக்டர் எழுதாவிட்டால் போன முறை எழுதிய சீட்டைக் காட்டி மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. பெற்றோரின் அறியாமைதான் காரணம் என்று சொல்லி இதைக் கடந்துவிடுகிறோம். சென்னையின் மருத்துவ வரலாறு எனக்கு வேறொன்றைச் சொல்கிறது: நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அவரை யாரும் தொடர்ந்து பார்க்காத இடத்தில்தான் ஆன்டிபயாடிக் வரம்பு மீறுகிறது.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து எடுத்த முயற்சி அது. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பியிருந்த காலம். அந்த நம்பிக்கையைச் சோதிக்க, நோயாளிகளில் ஒரு பாதியினர் சானடோரியத்திலும் மறு பாதியினர் நெரிசலான தங்கள் வீடுகளிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைச் சாப்பிட்டார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வும் குறைவு. ஆனாலும் 1959இல் வெளியான முடிவுகளில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். மருந்தின் வலிமை மட்டும் இதைச் சாதிக்கவில்லை. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். உலகத்துக்கே அந்த ஒழுங்கைக் கற்றுத்தந்த நகரம் இது.

சாதாரண இருமலுக்கு அந்த ஒழுங்கு வந்து சேரவில்லை. கட்டுப்பாடற்ற ஆன்டிபயாடிக் பயன்பாட்டின் ஆபத்தை 2010இல் கண்டோம். வலுவான கார்பபெனம் ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 நொதியைப் பற்றி லான்செட் குழும இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் குமாரசாமி, தரமணியில் உள்ள சென்னைப் பல்கலைக்கழக நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்த நொதி கொண்ட 44 கிருமி மாதிரிகள் சென்னையில் கிடைத்தவை. 2012இல் இங்கே கூடிய மருத்துவர்கள் ஆன்டிபயாடிக் எதிர்ப்பைச் சமாளிக்கச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டார்கள். 2014 மார்ச்சில் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது: செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளை விற்கும் கடைக்காரர், எழுதிய டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு அதிகம் தரப்படும் அமாக்ஸிசிலினும் அஸித்ரோமைசினும் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தாலும், பதிவேடு விற்பனையைத்தான் குறிக்கும். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்காது.

பழைய தலைமுறை டாக்டர்கள் தொண்டைவலிக்குப் பென்சிலின் கொடுத்ததற்கு வலுவான காரணம் இருந்தது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டையில் தொடங்கி வாதக்காய்ச்சலாகி இதய வால்வைக் கெடுத்த பிள்ளைகளை அவர்கள் பார்த்தவர்கள். ஆனால் அந்தத் தொண்டைவலியோடு பொதுவாக மூக்கொழுகலும் இருமலும் வருவதில்லை. பென்சிலினோ அமாக்ஸிசிலினோ அதற்குப் போதும். மூக்கொழுகும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நியாயம் பொருந்தாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியது என்பதும் ஆன்டிபயாடிக்குக்குப் போதிய காரணம் ஆகாது.

இதைவிடக் கனமான கேள்வி, நிமோனியாவைத் தவறவிட்டால் என்ன செய்வது என்பது. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். நிமோனியா குழந்தைகளைக் கொல்லும் நோய், அதற்கு ஆன்டிபயாடிக் உடனே வேண்டும். ஆனால் சந்தேகத்தைத் தீர்க்க சிரப்பைவிட நல்ல வழி உண்டு. அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ண வேண்டும்: 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, இவற்றை எட்டினாலோ தாண்டினாலோ டாக்டரிடம் போக வேண்டும். எண்ணிக்கை எதுவானாலும், மார்பு உள்ளே இழுத்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ ஆஸ்பத்திரிக்கே. 2 மாதத்துக்குக் குறைந்த சிசுவை எண்ணிக்கொண்டிருக்காமல் காட்டிவிட வேண்டும். தடுப்பூசியும் ஆபத்தைக் குறைத்திருக்கிறது: நிமோனியா தரும் ஹிப் கிருமியையும் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழ்நாடும் கேரளமும். நிமோனியா உறுதியானாலும், அது கடுமையாக இல்லாவிட்டால் மருந்து நீள வேண்டியதில்லை. இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் 2,188 குழந்தைகளிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், கடுமையல்லாத நிமோனியாவுக்கு மூன்று நாள் அமாக்ஸிசிலின், ஐந்து நாள் அளவுக்கே பலன் தந்தது.

நேரம் இல்லை என்பார்கள் டாக்டர்கள். மாலைக் கிளினிக்கில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதை மறுக்க முடியாது. ஆனால் மூச்சை எண்ண நர்ஸ் போதும். மருந்தில்லாமல் அனுப்பிய பிள்ளையைப் பற்றி இரண்டாம் நாள் விசாரிக்க ஒரு போன் போதும். மறுபடி வந்து காட்டினால் ஃபீஸ் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டால், சீட்டில் இப்போதே ஏதாவது எழுதுங்கள் என்று கேட்கும் தாயின் அவசரமும் பாதி குறையும்.