கூடலூர் வண்டும் மெக்சிகோ குளவியும்

ஊட்டி, குன்னூர் என்றால் நமக்கு டீதான் ஞாபகம் வரும். மேற்கே கூடலூர் பக்கம் இறங்கினால் காபியும் மிளகும். 1990 பிப்ரவரியில் அங்கேதான் அது கண்ணில் பட்டது. காபிப் பழத்தின் நுனியில் ஊசியால் குத்தின மாதிரி ஓர் ஓட்டை. உள்ளே எள்ளைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு வண்டு. காபி விளையும் நாடுகளெல்லாம் பயப்படுகிற காய்த்துளைப்பான், இந்தியாவில் முதல்முறையாக ஆஜர்! பக்கத்திலேயே வயநாடு, அதைத் தாண்டினால் குடகு. வண்டு அங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது.

மருந்தடித்தால் போகாதா? போகாது. தாய் வண்டு கொட்டையைக் குடைந்து உள்ளே உட்கார்ந்துவிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, கல்யாணம் (அதுவும் அண்ணன் தங்கைக்குள்ளேயே!) எல்லாம் உள்ளேதான். ஆண் வண்டுக்குப் பறக்கவே வராது. பிறந்த பழத்திலேயே அதன் கதை முடிந்துவிடும். தெளித்த மருந்து வாசலோடு சரி.

ஆக, உள்ளே நுழையத் தெரிந்த ஆள் வேண்டும். 1995-ல் காபி வாரியம் மெக்சிகோவிலிருந்து ஒரு குளவியை வரவழைத்தது. பெயர் செபலோநோமியா ஸ்டீபனோடெரிஸ். பூர்வீகம், வண்டைப் போலவே, ஆப்பிரிக்கா. நீளம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வண்டு போட்ட ஓட்டை வழியாகவே நுழைந்து தாயைக் கொல்லும். முட்டைகளையும் குட்டிப் புழுக்களையும் தின்னும். வளர்ந்த புழு, கூட்டுப்புழு மேல் ஆளுக்கொரு முட்டை வைக்கும். குளவிக் குஞ்சு அதை உறிஞ்சியே வளரும்.

சிக்கல் இங்கேதான். தின்றால்தான் இந்தக் குளவிக்கு வயிற்றில் முட்டை ஊறும். தின்ற இரையின் மேல் முட்டை வைக்க முடியாது. நான் பி.காம். எனக்கு இது வரவு-செலவாகத்தான் தெரிகிறது: அன்றாடம் சம்பாதித்து, அதில் பாதியைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கிற குடும்பம். வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆனால் மெதுவாகத்தான் பெருகும். ஆய்வுக்கூடத்தில் இதை வளர்க்க வேண்டுமானால் முதலில் வண்டை வளர்த்தாக வேண்டும், கேட்டீர்களா!

1999-ல் கொலம்பியாவிலிருந்து வந்த பைமாஸ்டிகஸ் காபியா நேர் எதிர். முட்டைகளோடுதான் வெளியே வரும். ஆயுள் இரண்டு மூன்று நாள். பூர்வீகச் சொத்தை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டுப் போகிற ரகம். அது தேடுவது புழுவை அல்ல, பழத்தைக் குடைந்துகொண்டிருக்கும் தாய் வண்டையே. அதன் உடம்புக்குள் பெரும்பாலும் இரண்டு முட்டை, ஒன்று ஆண், ஒன்று பெண். ஆனால் அந்த இரண்டு மூன்று நாளில் குடையும் வண்டு கண்ணில் படாவிட்டால் எல்லாம் வீண்.

இரண்டு குளவியும் வந்தும் வண்டு ஒழியவில்லை. அறுவடை முடிந்ததும் செடியில் தங்கிய பழம், தரையில் உதிர்ந்த பழம் எல்லாவற்றையும் பொறுக்கி எடுப்பதுதான் இன்றைக்கும் பிரதான வைத்தியம். ஆனால் அடுத்த பருவம் வரைக்கும் வண்டுக்கு மட்டுமில்லை, செபலோநோமியாவுக்கும் அந்த மிச்சப் பழம்தான் வீடு. விட்டுவைத்தால் வண்டு பிழைக்கும், பொறுக்கினால் குளவியும் சேர்ந்து போகும்.

காபி வாரியம் பொறுக்கத்தான் சொல்கிறது.