உயரழுத்த நீர்க் கழுவல் கழிவுநீர் விதிமுறைகள் (ஐக்கிய அமெரிக்கா)

உயரழுத்த நீர்க் கழுவல் கழிவுநீர் விதிமுறைகள் என்பவை, ஐக்கிய அமெரிக்காவில் கட்டடச் சுவர்கள், கூரைகள், நடைபாதைகள், வாகன நிறுத்துமிடங்கள், சரக்குந்துகள் முதலியவற்றை உயரழுத்த நீரைப் பீய்ச்சிக் கழுவும் ஒப்பந்தக்காரர்கள், அவ்வேலையின்போது வழிந்தோடும் அழுக்கு நீரை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை வரையறுக்கும் விதிகள் ஆகும். இத்தொழிலுக்கெனத் தனியான நடுவண் அரசுச் சட்டம் எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டம், அதன்கீழ் நகரங்களுக்கு வழங்கப்படும் மழைநீர் வடிகால் அனுமதிகள், மாநிலச் சட்டங்கள், நகராட்சி விதிகள் ஆகியவை சேர்ந்தே இத்தொழிலைக் கட்டுப்படுத்துகின்றன. இவற்றின் பொதுவான அடிப்படை, மழைநீர் வடிகாலுக்குள் மழைநீரைத் தவிர வேறு நீர் செல்லக்கூடாது என்பதாகும்.

இரு வகை வடிகால்கள்

பெரும்பாலான அமெரிக்க நகரங்களில் தெருவுக்கு அடியில் இரண்டு தனித்தனிக் குழாய் வலையமைப்புகள் உள்ளன. முதலாவது பாதாளச் சாக்கடை. இது வீடுகள், கடைகள், தொழிற்சாலைகள் ஆகியவற்றின் கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்கிறது. இரண்டாவது மழைநீர் வடிகால். தெருவோரத்தில் காணப்படும் திறப்புகள் இவ்வமைப்பைச் சேர்ந்தவை. இவற்றுள் விழும் நீர், பொதுவாக எவ்விதச் சுத்திகரிப்பும் இன்றி அருகிலுள்ள ஓடை, ஆறு, ஏரி அல்லது கடலில் கலக்கிறது.

நாட்டின் வடகிழக்குப் பகுதியிலும் பேரேரிகள் பகுதியிலும் உள்ள பழைய நகரங்கள் பலவற்றில் இவ்விரண்டும் ஒரே குழாயில் இணைந்துள்ளன. இவ்வாறான ஒருங்கிணைந்த சாக்கடை அமைப்பு ஏறத்தாழ 700 நகரங்களில் உள்ளது. அங்கு கழுவல் நீர் வழக்கமாகச் சுத்திகரிப்பு நிலையத்தையே அடையும். கனமழையின்போது மட்டும் கொள்ளளவை மீறிய நீர் நேரடியாக ஆற்றில் வழிந்துவிடும். ஆகவே ஒப்பந்தக்காரர் ஒருவர் வேலையைத் தொடங்குமுன் அறிய வேண்டிய முதற் செய்தி, அவ்விடத்தின் வடிகால் எங்கு செல்கிறது என்பதே.

கழுவல் நீரில் உள்ள மாசுகள்

நிமிடத்துக்கு 5 கேலன் (சுமார் 19 லிட்டர்) நீரைப் பீய்ச்சும் ஓர் எந்திரம், 4 மணி நேரத்தில் 4,500 லிட்டருக்கு மேற்பட்ட நீரை வெளியேற்றும். கழுவப்படும் பரப்பைப் பொறுத்து அந்நீரில் பின்வருவன கலந்திருக்கலாம்:

• எண்ணெயும் உலோகங்களும்: வாகன நிறுத்துமிடங்களிலும் எரிபொருள் நிலையங்களிலும் சிந்திய எண்ணெய், வாகனத் தடைக் கட்டைகளிலிருந்து உதிரும் செம்பு, வட்டகைகளிலிருந்து உதிரும் துத்தநாகம்.
• சவர்க்காரப் பொருள்கள்: இவை நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து மீன்களின் செவுள்களைப் பாதிக்கின்றன.
• குளோரின்: பாசி படிந்த கூரைகளையும் சுவர்களையும் கழுவச் சோடியம் ஐப்போகுளோரைட்டுக் கரைசல் பயன்படுத்தப்படுகிறது.
• வண்ணப்பூச்சுச் செதில்கள்: குடியிருப்புகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு 1978இல் தடை செய்யப்பட்டது. அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் சுவர்களைக் கழுவும்போது ஈயம் நீரில் சேரக்கூடும்.
• வண்டலும் உணவுக் கொழுப்பும்: மண் துகள்கள் நீரைக் கலங்கச் செய்கின்றன. உணவகங்களின் பின்புறத்திலும் குப்பைத்தொட்டிகளின் அருகிலும் படியும் கொழுப்பு, சிதையும்போது நீரிலுள்ள ஆக்சிசனைக் குறைக்கிறது.
• வெப்பம்: சுடுநீர் எந்திரங்களிலிருந்து வரும் நீர். தூய நீர்ச் சட்டம் வெப்பத்தையும் மாசு எனவே வரையறுத்துள்ளது.

சட்டப் பின்னணி

1969 சூன் 22 அன்று ஒகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் குயகோகா ஆற்றில் மிதந்த எண்ணெயும் குப்பையும் தீப்பற்றின. நீர் மாசு குறித்த பொதுமக்களின் கவலையை இந்நிகழ்வு வளர்த்தது. 1972 அக்டோபர் 18 அன்று, குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சனின் மறுப்பாணையையும் மீறி, இன்று தூய நீர்ச் சட்டம் என அழைக்கப்படும் சட்டத்தை அமெரிக்கக் காங்கிரசு நிறைவேற்றியது. இதன் 301ஆம் பிரிவு, அனுமதியின்றி நீர்நிலையில் மாசு வெளியேற்றுவதைத் தடை செய்கிறது. 402ஆம் பிரிவு, தேசிய மாசு வெளியேற்ற ஒழிப்பு முறைமை எனப்படும் அனுமதித் திட்டத்தை உருவாக்கியது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஒப்புதலுடன் மிகப் பெரும்பாலான மாநிலங்கள் இத்திட்டத்தைத் தாமே நடத்துகின்றன.

தொடக்கத்தில் தொழிற்சாலைகளும் சுத்திகரிப்பு நிலையங்களுமே இத்திட்டத்தின் முதன்மை இலக்காக இருந்தன. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் நகர மழைநீர் வடிகால்களையும் தெளிவாக இதன்கீழ்க் கொண்டுவந்தது. மழைநீர் அல்லாத நீர் வடிகாலில் சேர்வதைத் திறம்படத் தடுப்பது நகரங்களின் கடமையாயிற்று. 1990இல் வெளியான முதற்கட்ட விதிகள் 1,00,000 அல்லது அதற்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளின் வடிகால் அமைப்புகளுக்குப் பொருந்தின. 1999இல் வெளியான இரண்டாம் கட்ட விதிகள் சிறிய நகரப் பகுதிகளையும் உள்ளடக்கின. நகரமே அனுமதி பெற்றவர் என்பதால், ஒப்பந்தக்காரரின் கழிவுநீர் வடிகாலில் விழுந்தால் நகரமும் பதில் சொல்ல வேண்டியுள்ளது. நகராட்சிகள் இத்தொழிலுக்கு விதிகள் வகுத்ததன் காரணம் இதுவே.

2023இல் சாக்கெட் வழக்கில் வழங்கிய தீர்ப்பின் மூலம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நடுவண் சட்டத்தின்கீழ் வரும் நீர்நிலைகளின் வரையறையைச் சுருக்கியது. எனினும் மாநிலச் சட்டங்களும் நகராட்சித் தடைகளும் தனித்துச் செயல்படுகின்றன.

விலக்குகள்

தீயணைப்புப் பணிகளில் வெளியாகும் நீர் சட்டத்துக்குப் புறம்பான வெளியேற்றமாகக் கருதப்படுவதில்லை. குடியிருப்பாளர் தம் வீட்டில் தம் வாகனத்தைக் கழுவும் நீர், குளோரின் நீக்கப்பட்ட நீச்சல்குள நீர், தெருக் கழுவல் நீர் போன்றவை, மாசுக்கு மூலம் என நகரம் கண்டறிந்தால் மட்டுமே தடுக்கப்பட வேண்டியவை. கூலிக்கு வாகனம் கழுவுவோருக்கு வீட்டு வாகனத்துக்கான இவ்விலக்கு பொருந்தாது. சவர்க்காரம் சேர்க்காத கட்டடக் கழுவல் நீரையும் தளக் கழுவல் நீரையும் சில அனுமதிகள் நிபந்தனைகளுடன் ஏற்கின்றன. எனவே ஒரு நகரில் ஏற்கப்படும் செயல் அடுத்த நகரில் குற்றமாகலாம்.

நகராட்சி விதிகள்

டெக்சாசு மாநிலத்தின் போர்ட் வொர்த் நகரம், இடம்விட்டு இடம் சென்று வணிகமுறையில் கழுவும் ஒப்பந்தக்காரர்களுக்குத் தனி விதிகளை வகுத்து, அவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் எனக் கோரியது. கலிபோர்னியாவின் சான் பிரான்சிசுக்கோ விரிகுடாப் பகுதியில், மழைநீர் மேலாண்மை முகமைகளின் கூட்டமைப்பு 1990களில் பரப்புத் தூய்மையாளர்களுக்கான பயிற்சித் திட்டத்தை உருவாக்கியது. கழுவப்படும் பரப்பு எது, சவர்க்காரம் பயன்படுத்தப்படுகிறதா என்பவற்றைக் கொண்டு, நீரை எங்கு விடலாம் என்பதை அதன் வழிகாட்டி வகைப்படுத்தியது.

கழிவுநீரைக் கையாளும் முறைகள்

விதிகள் வேறுபட்டாலும், பரிந்துரைக்கப்படும் நடைமுறை பெரும்பாலும் பின்வரும் வரிசையில் அமைகிறது:

1. உலர் தூய்மை: முதலில் குப்பையைப் பெருக்கி அள்ளுதல். எண்ணெய்க் கறையின் மேல் உறிஞ்சுபொருளைத் தூவி அகற்றுதல். இதனால் நீரில் சேரும் மாசு வெகுவாகக் குறையும்.
2. அடைத்தல்: அருகிலுள்ள வடிகால் திறப்புகளை இறப்பர் விரிப்பால் மூடுதல், மணல் மூட்டைகளால் நீரைத் தடுத்தல்.
3. சேகரித்தல்: தாழ்வான இடத்தில் தேங்கும் நீரை வெற்றிட உறிஞ்சியால் அல்லது நீர்மூழ்கி எக்கியால் தொட்டியில் சேர்த்தல்.
4. வடிகட்டுதல்: வண்டலையும் எண்ணெயையும் பிரித்தல்.
5. வெளியேற்றுதல்: உரிய அனுமதியுடன் பாதாளச் சாக்கடையில் விடுதல், மீண்டும் பயன்படுத்துதல், அல்லது மாசு குறைந்த நீராயின் உரிமையாளரின் ஒப்புதலுடன் புல்தரையில் ஊறவிடுதல்.

பாதாளச் சாக்கடையில் விடுவதற்கும் வரம்புகள் உண்டு. நடுவண் அரசின் முன்சுத்திகரிப்பு விதிகளின்படி, பொதுவாக அமிலச் சுட்டெண் 5.0க்குக் குறைந்த நீரையும், சுத்திகரிப்பு நிலையத்தை அடையும் நீரின் வெப்பநிலையை 40 பாகை செல்சியசுக்கு மேல் உயர்த்தும் நீரையும் விடலாகாது. உரிய சோதனையின்போது வடிநீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் காட்டும் வணிகக் கழிவு, தீங்கான கழிவாக வகைப்படுத்தப்பட்டுத் தனி விதிகளுக்கு உட்படும்.

தண்டனைகள்

தூய நீர்ச் சட்டத்தை மீறுவோருக்கு விதிக்கத்தக்க உரிமையியல் தண்டத்தொகையின் உச்சவரம்பு பணவீக்கத்துக்கேற்பத் திருத்தப்படுகிறது. 2025 சனவரியில் வெளியான திருத்தத்தின்படி இது, மீறல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 68,445 டாலர். கவனக்குறைவால் நிகழும் மீறலுக்கு ஓராண்டு வரையிலும், தெரிந்தே செய்யும் மீறலுக்கு மூன்றாண்டு வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். நடைமுறையில் சிறு ஒப்பந்தக்காரர்கள் சந்திப்பது பெரும்பாலும் நகராட்சியின் எச்சரிக்கை, தண்டம், பணிநிறுத்த ஆணை ஆகியவையே. வேலையை ஒப்படைத்த கட்டட உரிமையாளரும் பொறுப்பாக்கப்படலாம். பொதுமக்களும் 60 நாள் முன்னறிவிப்புடன் வழக்குத் தொடரச் சட்டம் இடமளிக்கிறது.

தவறான கருத்துகள்

"உயிரியல் முறையில் சிதையும் சவர்க்காரத்தை வடிகாலில் விடலாம்" என்பது பரவலான தவறான கருத்து. அத்தகைய சவர்க்காரமும் சிதைவதற்கு முன் மீன்களுக்கு நச்சாகவே இருக்கும். சிதையும்போது நீரிலுள்ள ஆக்சிசனையும் குறைக்கும்.

வெறும் குழாய்நீர் தீங்கற்றது என்பதும் முழுமையான உண்மையன்று. அமெரிக்கக் குடிநீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கலாம். நன்னீர் உயிரினங்களைக் காக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1984இல் பரிந்துரைத்த குறுங்கால வரம்போ லிட்டருக்கு 0.019 மில்லிகிராம். மனிதர் பருகத்தக்க நீர், மீனுக்கான இவ்வரம்பைப்போல் 200 மடங்குக்கு மேல் குளோரின் கொண்டிருக்கக்கூடும்.

மழை பெய்தாலும் இதே அழுக்கு இதே வடிகாலில்தானே சேரும் என்று ஒப்பந்தக்காரர்கள் வாதிடுவதுண்டு. மழைநீரும் மாசைச் சுமந்து செல்கிறது என்பது உண்மையே. ஆனால் மழையால் அகலாது ஒட்டியிருக்கும் கறையை அகற்றுவதற்காகவே உயரழுத்த நீர் பயன்படுத்தப்படுகிறது. மேலும், கழுவல் பொதுவாக வறண்ட நாளில் நடைபெறுகிறது. அப்போது ஓடையில் நீர் குறைந்திருப்பதால் மாசு நீர்த்துப்போவதில்லை.

விமர்சனங்கள்

ஒரே பெருநகரப் பகுதிக்குள் நகரத்துக்கு நகரம் விதிகள் மாறுவது, பல நகரங்களில் வேலை செய்யும் சிறு ஒப்பந்தக்காரர்களுக்குச் சுமையாகிறது. நீரைச் சேகரிக்கும் கருவிகளும் கூடுதல் வேலைநேரமும் செலவை உயர்த்துகின்றன. பல இடங்களில் புகார் வந்த பின்னரே ஆய்வு நடைபெறுவதால், விதியை மீறுபவர் குறைந்த விலை கூறி வேலையைப் பெற, விதிப்படி நடப்பவர் அதை இழக்க நேர்கிறது. ஒப்பந்தக்காரரை மட்டுமன்றி, வேலை கொடுக்கும் உரிமையாளரையும் பொறுப்பாக்கும் விதிகள் இக்குறையை ஓரளவு சரிசெய்கின்றன.

இவற்றையும் பார்க்கவும்

• நீர் மாசுபாடு
• கழிவுநீர்ச் சுத்திகரிப்பு
• மழைநீர் வடிகால்
• தூய நீர்ச் சட்டம்