மைதானத்தை நிரப்புவது எது?

மலையகத்திற்குப் பந்தாட்டம் இரு வடிவங்களில் வந்தது. றக்பி தோட்டத் துரைமாரின் ஆட்டம். ரதெல்ல, தரவளை மைதானங்களில் அவர்களின் கழகங்கள் ஆடின. தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களோ, செலவு குறைந்த உதைபந்தாட்டத்தைத் தமதாக்கிக் கொண்டனர்.

ஆடுவோரின் தொகையைப் பார்த்து, காண வருவோரின் தொகையைக் கணிக்க இயலாது. இலங்கையில் உதைபந்தாட்டம் ஊர்தோறும் ஆடப்படுகிறது. 1995இல் தெற்காசியக் கிண்ணத்தையும் கொழும்பில் வென்றோம். ஆயினும் கூட்டத்துக்குப் பெயர்பெற்றது, சில பாடசாலைகளை மையமாகக் கொண்ட றக்பியே. றோயல், திரித்துவக் கல்லூரிகள் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயப் போட்டியே இதற்குச் சான்று. அங்கே பழைய மாணவர்கள் ஆட்டத்தை மட்டுமன்றி, தம் பாடசாலையையும் காணத் திரள்கின்றனர்.

ஆஸ்திரேலியாவிலும் இதுவே நிலை. கொலிங்வூட், கார்ல்டன், ரிச்மண்ட் என மெல்பேர்ன் புறநகர்களின் பெயர் தாங்கிய கழகங்களைக் கொண்ட ஆஸ்திரேலிய விதிப் பந்தாட்டம், பார்வையாளர் தொகையில் அந்நாட்டின் உதைபந்தாட்ட லீக்கை வெகுதூரம் விஞ்சி நிற்கிறது. 'நம்முடையது' என்ற உரிமையுணர்வே கூட்டத்தை ஈர்க்கிறது.

வட்டகொடை இளைஞனுக்கு அந்த உரிமை எங்கே? அவனது ஊர்ப் பெயரில் தேசிய லீக்கில் அணியில்லை. கொழும்பு சென்று ஆட்டம் பார்ப்பதாயின், ஒருநாள் வேதனத்தையும் பயணச் செலவையும் அவன் இழக்க வேண்டும். தேசியப் போட்டிகளில் சிலவற்றையேனும் ஞாயிறுகளில் ஹட்டன் டன்பார் மைதானத்தில் நடத்துவது உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கடமையென்பதே எமது நிலைப்பாடாகும். அழைக்கப்படாதவர் வரவில்லையெனக் குறைகூறுதல் முறையன்று.