ஜப்பானுக்குப் பறந்த ஈட்டி

ஈட்டியின் நடுப்பகுதியில் கயிறு சுற்றிய பிடி ஒன்று இருக்கும். அதே இடத்தில் பண்டைய கிரேக்க வீரர்கள் ஒரு தோல்வாரைச் சுற்றி, அதன் கண்ணியில் விரலை நுழைத்து எறிந்தார்கள். வார் பிரியப் பிரிய ஈட்டி சுழன்றபடி பாயும். போர்க்களத்திலிருந்து ஒலிம்பியாவுக்கு வந்த அந்த வித்தை, பழைய ஒலிம்பிக்கோடு மறைந்தும் போனது. பல நூற்றாண்டுகள் கழித்து அதை மைதானத்துக்கு மீட்டவர்களில் முதன்மையானவர்கள் ஸ்வீடன்காரர்களும் ஃபின்லாந்துக்காரர்களும். தோல்வாருக்கு இப்போது இடமில்லை. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பிடியைப் பற்றி எறிவது, விரும்பிய இடத்தைப் பற்றி எறிவது என்று இரண்டு போட்டிகள் நடந்தன. இரண்டிலும் வென்றவர் ஸ்வீடனின் எரிக் லெமிங்.

பெண்களுக்கு மட்டும் கதவு அடைத்தே இருந்தது. அதனால் பிரான்ஸின் அலீஸ் மிலியா பெண்களுக்கென்றே தனி உலகப் போட்டிகளைத் தொடங்கினார். 1928இல் ஒலிம்பிக் தடகளம் பெண்களுக்குத் திறந்தபோதும் கிடைத்தவை ஐந்தே போட்டிகள். ஈட்டி அவற்றில் இல்லை. அந்த ஆண்டு 800 மீட்டரில் வெள்ளி வென்றார் ஒகயாமாவைச் சேர்ந்த கினுயே ஹிதோமி. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். ஓட்டம், தாண்டுதல், எறிதல் என எதையும் விடாதவர். ஈட்டியில் அவருக்குப் பதக்கம் கிடைத்த இடம் பிராக். 1930இல் அங்கே நடந்த மிலியாவின் போட்டிகளில் நீளம் தாண்டுதலில் தங்கமும் ஈட்டியில் வெண்கலமும் வென்றார். மறு ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, 24 வயதில் இறந்துபோனார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் ஒலிம்பிக் வெள்ளி வென்றதும் ஓர் ஆகஸ்ட் 2தான். இவ்வளவு திறமைக்கு இவ்வளவு குறைந்த ஆயுளா என்று மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெண்களின் ஈட்டி முதன்முறையாக ஒலிம்பிக்குக்கு வந்தது. தங்கம் அமெரிக்காவின் பேப் டிட்ரிக்சனுக்கு. நான்காவதாக வந்தவர் ஜப்பானின் மசாகோ ஷிம்போ. அன்று உலக சாதனையைக் கையில் வைத்திருந்த அமெரிக்கர் நேன் கிண்டெல் ஷிம்போவுக்குப் பின்னால், ஐந்தாவது! 1936 பெர்லினில் சடாகோ யமமோட்டோ 41.45 மீட்டர் எறிந்து ஐந்தாம் இடம் பிடித்தார். பிறகு போர் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக்குகளே நடக்கவில்லை.

இதற்கிடையே செக் மண்ணில் ஈட்டி வேர்விட்டது. 1952 ஹெல்சிங்கியில் கணவர் எமில் சாடோபெக் 5,000 மீட்டரில் வென்ற தங்கத்தை ராசிக்காகப் பையில் போட்டுக்கொண்டு போன டானா சாடோப்கோவா, ஈட்டியில் தானும் ஒரு தங்கம் வென்றார். பின்னாளில் அங்கிருந்து வந்த யான் ஷெலெஸ்னி 98.48 மீட்டரும், பார்போரா ஷ்போதாகோவா 72.28 மீட்டரும் எறிந்து உலக சாதனைகள் படைத்தார்கள்.

அந்தச் செக் மண்ணைத் தேடி ஜப்பானிலிருந்து ஒருவர் போனார். ஹொக்கைடோவின் அசாஹிகவாவில் பிறந்த ஹருகா கிதகுச்சி, நீச்சலிலும் பேட்மின்டனிலும் ஈடுபட்டுவிட்டு உயர்நிலைப் பள்ளியில் ஈட்டியை எடுத்தவர். செக் பயிற்சியாளர் டேவிட் செக்கெராக்கைத் தானே தேடிப் பிடித்து, ஜெர்மன் எல்லையருகே உள்ள டொமாஷ்லிட்சே என்ற சிறு ஊரில் தங்கி, செக் மொழியும் பேசக் கற்றுக்கொண்டார். ஈட்டியைக் கப்பலில் அனுப்பிவிடலாம். எறியும் முறையைக் கற்க ஆள்தான் போகவேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவரது முதல் வீச்சே 65.80 மீட்டர், தங்கம். வெண்கலம் செக் வீராங்கனை நிகோலா ஒக்ரோட்னிகோவாவுக்கு.